டார்ச் பெட்டியில் போட்டிருக்கும் லூமென், கேண்டெலா, மீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கடையில் வயர், சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர் என்று பலதும் விற்கிறோம். ஆனால் நின்று பேசி, கையில் வாங்கி, நாலு முறை அமுக்கிப் பார்த்து வாங்குகிற சாமான் டார்ச் லைட் ஒன்றுதான். இரவில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், கடலைக்காட்டில் பன்றிக்குக் காவல் கிடப்பவர், விடியும் முன்னே மல்லிகை பறிக்கப் போகிற அம்மா, கரண்ட் போனால் வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்பவர் என ஆளுக்கொரு தேவை. கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றே: “இதுல எதுங்க பவர் ஜாஸ்தி?” பெட்டியைத் திருப்பினால் ஒன்றில் 900 லூமென், இன்னொன்றில் 50,000 லூமென், மூன்றாவதில் ‘2 கிலோமீட்டர் லேசர்’. விலையோ மூன்றுக்கும் நூறு ரூபாய்தான் முன்னே பின்னே. கல்லாவில் நின்று தினமும் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

லூமென் கூடினால் தூரமும் கூடும், சரிதானே?

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

டார்ச்சின் வாயிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்பதுதான் லூமென். அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு குவிந்து போகிறது என்பதற்கும் லூமெனுக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் எரிகிற 20 வாட் எல்இடி டியூப் லைட் சுமார் 2,000 லூமென் தரும். அதைத் திண்ணையில் மாட்டிவிட்டுத் தோப்பின் கடைசி மரத்தைப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. 300 லூமென் தருகிற நல்ல ஃபோகஸ் டார்ச் அதே மரத்தின் மட்டையைக் காட்டிவிடும்.

ஒரு திசையில் வெளிச்சம் எவ்வளவு அழுத்தமாகப் போகிறது என்பதைக் கேண்டெலா என்ற அளவில் சொல்வார்கள். மோட்டார் ஓடும்போது ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் வரப்புத் தாண்டிப் பீய்ச்சும். அதற்காக மோட்டார் அதிகத் தண்ணீர் இறைப்பதில்லை. லூமென் இறைக்கிற தண்ணீர், கேண்டெலா பீய்ச்சல். டியூப் லைட்டுக்கு எந்தத் திசையிலும் சில நூறு கேண்டெலாதான் இருக்கும். நான் சொன்ன ஃபோகஸ் டார்ச்சுக்குப் பத்தாயிரம்கூட இருக்கலாம்.

மூன்றாவதாக லக்ஸ். போய் விழுந்த இடத்தில், ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் விழுகிறது என்பது அது.

கேண்டெலா தெரிந்தால் எத்தனை மீட்டர் போகும் என்று கணக்குப் போடலாமா?

போடலாம், மனக்கணக்குதான். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 2,500 கேண்டெலா என்றால் வர்க்கமூலம் 50, இரண்டால் பெருக்க 100 மீட்டர். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். 40,000-க்கு 400 மீட்டர்.

தூரம் இரட்டிப்பாகக் கேண்டெலா நாலு மடங்காக வேண்டியிருப்பதைக் கவனியுங்கள். வெளிச்சம் போகப் போக அகலத்திலும் உயரத்திலும் விரிகிறது. இரண்டு மடங்கு தூரத்தில் நாலு மடங்கு பரப்பை மூட வேண்டும். ‘2 கிலோமீட்டர் லேசர்’ பெட்டியை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2,000 மீட்டருக்குப் பத்து லட்சம் கேண்டெலா வேண்டும். அது நடக்காத காரியமில்லை, அப்படிப்பட்ட விளக்குகள் உண்டு. ஆனால் அவை ஒரு சாண் நீளத்தில், சில நூறு ரூபாய்க்குக் கல்லாவில் தொங்குவதில்லை. தொங்குகிற டார்ச்சுக்குள் இருப்பதும் லேசர் அல்ல, சாதாரண எல்இடிதான்.

பெட்டியில் 200 மீட்டர் என்று இருக்கிறது. 200 மீட்டரில் எனக்கு ஆள் அடையாளமே தெரியவில்லையே?

தெரியாது. டார்ச் பழுதில்லை, அந்த ‘200 மீட்டர்’ என்பதன் அர்த்தமே வேறு. எவ்வளவு தூரத்தில் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிறதோ அதைத்தான் பீம் தூரம் என்று எழுதுகிறார்கள். 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய மேகமில்லாத பௌர்ணமி நிலா வெளிச்சம். நிலா வெளிச்சத்தில் பக்கத்தில் இருப்பது தெரியும். இருநூறு மீட்டர் தள்ளி நிற்பது மாடா, பன்றியா, பக்கத்துக் காட்டுக்காரரா என்று சொல்ல முடியாது.

என் கணக்கு இது: போட்டிருக்கும் தூரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதித் தூரத்தில் வெளிச்சம் நாலு மடங்கு, அதாவது 1 லக்ஸ். கால்வாசித் தூரத்தில் 4 லக்ஸ். அங்கேதான் ஒன்றைப் பார்த்து இன்னதென்று நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

இதை நீங்களே தோப்பில் பார்க்கலாம். தென்னைக்கு வழக்கமான இடைவெளி 25 அடி, ஏழரை மீட்டர். வரிசையின் தலைமாட்டில் நின்று டார்ச்சை அடியுங்கள். மரத்தை எண்ணிக்கொண்டே போனால் பத்தாவது இடைவெளியில் 75 மீட்டர். நான் 10,000 கேண்டெலா டார்ச் ஒன்றை இப்படித்தான் பார்த்தேன். எட்டாவது, ஒன்பதாவது மரம் வரை பட்டையில் வெட்டிய படி தெரிந்தது. பதினைந்தாவது வரை மரம் என்று தெரிந்தது. அதற்கப்பால் ஏதோ நெட்டுக்குத்தலாக நிற்கிறது என்ற அளவுதான். பெட்டியில் போட்டிருந்தது 200 மீட்டர், கிட்டத்தட்ட இருபத்தேழாவது மரம்.

அப்படியானால் எனக்கு எத்தனை மீட்டர் டார்ச் வேண்டும்?

பார்க்க வேண்டிய தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். மேலே சொன்ன 10,000 கேண்டெலா டார்ச் அந்தக் கோடியில் 2.4 லக்ஸ் தரும், ஏறக்குறைய பத்து நிலா வெளிச்சம். கடலைச்செடியில் கருப்பாக அசைவது தெரிந்துவிடும். ஆக ஒன்றிரண்டு ஏக்கர் காவலுக்கு ‘200 மீட்டர்’ போதும், ‘2 கிலோமீட்டர்’ வேண்டாம். வீட்டுக்கும் தெருவுக்கும் 100 மீட்டரே தாராளம். அறுபதடிக் கிணற்றை எட்டிப் பார்க்க இதில் எதுவானாலும் சரி.

எஃப்எல்1 என்று சின்னச் சின்னப் படங்களோடு போட்டிருக்கிறதே, அது என்ன?

டார்ச்சை அளப்பதற்கான தரம் அது. அமெரிக்காவில் 2009-இல் ஆன்சி (அந்நாட்டுத் தர நிர்ணய அமைப்பு) தரமாக வந்தது. 2016-லும் 2019-லும் திருத்தினார்கள். மொத்த வெளிச்சம், அதிகபட்சக் கேண்டெலா, பீம் தூரம், எரியும் நேரம், கீழே விழுந்தால் தாங்கும் உயரம், தண்ணீர் தாங்குதல் ஆகியவற்றை எப்படி அளக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. மேலே சொன்ன 0.25 லக்ஸ் கணக்கும் அதிலிருந்து வந்ததே. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய எண்ணைப் போட்டது.

யாரும் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்றில்லை. படம் அச்சடித்திருப்பதால் மட்டும் யாரோ சோதித்தார்கள் என்று நம்பவும் வேண்டாம். ஆனால் ஒன்று: பொய் எண் போடுகிற பெட்டியில் பெரும்பாலும் லூமென் மட்டும்தான் இருக்கும். கேண்டெலாவும் மீட்டரும் சேர்ந்து போட்டிருந்தால், மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கில் அவை ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். ஒத்துவராவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

50,000 லூமென் டார்ச் ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

இதற்கு நான் கோபப்படாமல் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

கையடக்க எல்இடி டார்ச் ஒரு வாட் கரண்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 50,000 லூமெனுக்கு 500 வாட், ஒரு மிக்ஸி இழுக்கிற கரண்ட். உள்ளே இருப்பது 18650 என்ற பேட்டரி. 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயர். அதன் கொள்ளளவு உச்சமாகச் சுமார் 3,500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) இருக்கும், 3.6 வோல்ட். பெருக்கினால் 12.6 வாட்-மணி. ஐந்நூறு வாட்டை அதிலிருந்து இழுத்தால் ஒன்றரை நிமிடத்தில் காலி. உண்மையில் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. அவ்வளவு கரண்ட்டை அந்தச் சின்னக் கட்டையால் கொடுக்கவே முடியாது.

அந்தப் பேட்டரியிலும் ‘9,900 எம்ஏஎச்’ என்று அச்சடித்திருப்பார்கள். அந்த அளவுக் கட்டையில் அவ்வளவு அடங்காது. ஒரு வாடிக்கையாளர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து “ஒரு மணி நேரம்கூட நிக்கல” என்றார். பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தோம். நல்ல 18650 என்றால் 45 முதல் 50 கிராம் இருக்க வேண்டும். அது 28 கிராம் காட்டியது. நகைக்கடைக்காரர் “இதுல சேதாரம் ரொம்பவே ஜாஸ்திங்க” என்றார்.

புது டார்ச். போட்டவுடன் பிரமாதம், இரண்டு நிமிடத்தில் மங்குகிறது. மாற்றித் தருவீர்களா?

நல்ல டார்ச்சுகள்தான் இப்படிச் செய்யும். எல்இடிக்குள் போகும் கரண்ட்டில் பாதிக்கு மேல் சூடாகவே போகிறது. சூடு ஏறினால் எல்இடி கெட்டுவிடும் என்பதற்காக உள்ளே உள்ள சர்க்யூட் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. ‘டர்போ’ என்று போட்டிருக்கும் உச்ச வெளிச்சமெல்லாம் ஒன்றிரண்டு நிமிடக் கூத்து.

தரத்தின்படி லூமெனை அளப்பது ஸ்விட்ச் போட்ட 30 வினாடி முதல் 2 நிமிடத்துக்குள். ‘எரியும் நேரம் 3 மணி’ என்பதோ அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகிற நேரம். ஆக ‘1,000 லூமென், 3 மணி நேரம்’ என்றால் மூன்று மணி நேரமும் 1,000 லூமென் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. முதல் சில நிமிடம் 1,000, பிறகு வெகுநேரம் முந்நூறு நானூறு, கடைசியில் 100. பெட்டியில் நடு நிலைக்கு, ‘மீடியம்’ என்பதற்கு, என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ராத்திரி முழுக்க உங்களோடு இருக்கப் போவது அதுதான்.

500 லூமெனுக்குப் பதில் 1,000 வாங்கினால் இரண்டு மடங்கு பளிச்சென்று இருக்குமா?

கண்ணுக்கு அப்படித் தெரியாது. கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவே. நம் கண்ணுக்கு ‘ரெண்டு மடங்கு’ என்று தோன்ற ஏறத்தாழ நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். அந்தக் காலத்து இரண்டு கட்டை டார்ச் தந்தது பத்துப் பதினைந்து லூமென். அதை வைத்துக்கொண்டே ஊர் முழுக்க ரெண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு வரப்பில் நடந்து வீடு வந்தது.

இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு 20, 30 நிமிடம் ஆகும். பழகியபின் வீட்டுக்குள் நடக்க ஒரு லூமெனே போதும். சில டார்ச்சுகளில் ‘மூன்லைட்’ என்று அப்படி ஒரு நிலை இருக்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

ஜூம் டார்ச் நல்லதா, சாதா நல்லதா?

சுவரில் அடித்துப் பாருங்கள். சாதா டார்ச்சில் குழிவான பளபளப்புக் கிண்ணம், ரிஃப்ளெக்டர், இருக்கும். நடுவில் ஒரு பிரகாச வட்டமும் அதைச் சுற்றி மங்கலான பெரிய வட்டமும் விழும். நடுவட்டம் தூரத்துக்கு, சுற்றொளி காலடிக்கு. ரிஃப்ளெக்டர் அகலமாகவும் ஆழமாகவும், எல்இடி சில்லு சின்னதாகவும் இருந்தால் நடுவட்டம் இறுகி வெகுதூரம் போகும். கிண்ணத்தின் உட்புறம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் வட்டத்தின் விளிம்பு மழுங்கி, கிட்டத்தில் பார்க்க இதமாக இருக்கும்.

ஜூம் டார்ச்சில் கிண்ணத்துக்குப் பதில் குவிலென்ஸ். இழுத்தால் சுவரில் சதுரமாக ஒரு துண்டு வெளிச்சம் விழுமே, அது எல்இடி சில்லின் உருவம்தான். பார்க்கத் தோரணையாக இருக்கும். ஆனால் இழுக்கும்போது வெளிச்சத்தில் பெரும்பங்கு குழாயின் உள்சுவரில் முட்டி வீணாகிறது. சுற்றொளியும் இல்லாமல் போகிறது. தூரத்து மரம் தெரியும், காலடியில் கிடப்பது தெரியாது. வரப்பில் நடக்கிறவருக்கு நான் ஜூம் டார்ச் எடுத்துக் கொடுப்பதில்லை. கேட்டு வாங்கினால் கொடுப்பேன், வியாபாரம்தானே.

நெற்றி லைட்டா, கை லைட்டா?

இரண்டு கையும் வேலையில் இருந்தால் நெற்றி லைட். கன்னியாகுமரிப் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும், மல்லிகை பறிக்கிறவர்களும் அதைத்தான் கட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது ஒரு மீட்டர் தூரம், கை எட்டுகிற இடம். அங்கே அகலமாக விரிகிற 50, 100 லூமென் நிறைய. இதற்குப் போய் ஃபோகஸ் லைட் கட்டினால் இலையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்.

நடக்கிறவருக்குக் கை லைட்தான், அதையும் இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடிக்கச் சொல்வேன். காரணம் நிழல். நெற்றியில் இருக்கிற விளக்கு கண்ணுக்கு ஒட்டியே இருப்பதால், ஒவ்வொரு பொருளின் நிழலும் அந்தப் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தரை தட்டையாகத் தெரியும். தாழ்த்திப் பிடித்தால் சின்னக் கல்லுக்கும் நீள நிழல் விழும். கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு, விரலளவு தடிமனில் கிடந்தாலும் கிடக்கும். பாம்பு கிடந்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதன் நிழல்தான்.

வெள்ளை வெளிச்சமா, மஞ்சளா?

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். 6,500 கெல்வின் என்று போட்டிருப்பது நீலம் ஓடிய வெள்ளை. அதே பேட்டரியில் கொஞ்சம் கூடுதல் லூமென் தரும், பெட்டியில் எண் பெரிதாக வரும். 4,000, 5,000 கெல்வின் கண்ணுக்கு உறுத்தாது. இன்னொன்று சிஆர்ஐ. நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கு 100-க்கு மார்க் போடுவது மாதிரி. மலிவு டார்ச்சுகள் 70 சுமார் இருக்கும், நல்லவை 90 தாண்டும். காய்ந்த சருகின் மேல் கண்ணாடி விரியன் கிடந்தால் பழுப்பில் பழுப்பைப் பிரித்துக் காட்டுவது இந்த 90 தான். லூமெனில் கொஞ்சம் குறைந்தாலும் நான் இதையே எடுப்பேன்.

கொடைக்கானலில் பனிமூட்டத்தில் எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி ஆகிவிடுகிறதே?

பனித்துளியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அது. லூமெனைக் கூட்டினால் சுவர் இன்னும் கெட்டியாகும். குறைத்து வையுங்கள், டார்ச்சைக் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, முழங்கால் உயரத்தில் பிடியுங்கள்.

வாங்கிய டார்ச் சொன்னபடி இருக்கிறதா என்று வீட்டில் பார்க்க வழி உண்டா?

செல்போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில், டார்ச்சிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிப் போனை வைத்து நடுவட்டத்தை அதன் மேல் அடியுங்கள். வந்த லக்ஸை 25-ஆல், அதாவது ஐந்தின் வர்க்கத்தால், பெருக்கினால் கேண்டெலா. 400 லக்ஸ் வந்தால் 10,000 கேண்டெலா, 200 மீட்டர். ஒரு மீட்டரில் வைத்து அளக்காதீர்கள், அவ்வளவு கிட்டத்தில் பீம் சரியாகக் குவிந்திருக்காது.

லூமெனை இப்படி அளக்க முடியாது. ஆனால் ஒப்பிடலாம். சின்ன அறையில் டார்ச்சை மேஜையில் நிமிர்த்தி வைத்து மேற்கூரையில் அடியுங்கள். போனை ஓரமாக வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லூமென் தெரிந்த நல்ல டார்ச் ஒன்றை அதே இடத்தில் வைத்து மறுபடி குறித்தால், எது எத்தனை மடங்கு என்று வந்துவிடும். போன் சென்சார் துல்லியமில்லைதான். ஆனால் 50,000 லூமென்காரர் 400 லூமென்காரரிடம் தோற்பதைக் காட்ட அந்தத் துல்லியம் போதும்.

மழையில் நனையலாமா?

தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பெட்டியில் ஐபிஎக்ஸ் என்ற குறி இருக்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீர், மழைக்குச் சரி. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். எதுவும் போடவில்லை என்றால் துண்டுக்குள் சுற்றிக்கொள்ளுங்கள்.

சுவர் பிளக்கில் செருகி சார்ஜ் போடுகிற லைட், ஆறு மாதம் பீரோவில் இருந்தது. இப்போது சார்ஜே ஏறவில்லை.

அந்த வகை பலவற்றில் உள்ளே 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும். காலியாகக் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து செத்துவிடும். பேட்டரி மாற்றலாம், விலை கேட்டால் புது லைட்டே வாங்கத் தோன்றும். மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு வைத்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும்.

தாத்தாவின் பித்தளை டார்ச் இருக்கிறது. எல்இடி பல்ப் போட்டு ஓட்டலாமா?

ஓட்டலாம். பழைய பல்பின் அதே கழுத்து அளவில் எல்இடி பல்ப் வருகிறது. இரண்டு கட்டை டார்ச் என்றால் 3 வோல்ட்டுக்கு உரியதைக் கேளுங்கள். பழைய பல்புக்கு இரண்டு கட்டையையும் சேர்த்து எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் எரியும். எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டு, சரியாகப் போட வேண்டும்.

பீம் மட்டும் பழைய மாதிரி வராது. பழைய இழை எல்லாப் பக்கமும் எரிந்தது. கிண்ணம் அதைப் பிடித்து முன்னால் தள்ளியது. எல்இடியோ முன்பக்கம் மட்டுமே எரிகிறது, கிண்ணத்துக்குப் பாதி வேலை இல்லாமல் போய்விடுகிறது. கிட்டத்தில் வெளிச்சம் நிறைய இருக்கும், தூரத்தில் எதிர்பார்த்த அளவு இருக்காது. தலைப்பக்கத்தைத் திருகிக் கொஞ்சம் முன்னே பின்னே செய்து பாருங்கள், சிலவற்றில் சரியாகும்.

அடிமூடியைக் கழற்றினால் ஸ்பிரிங் பக்கத்தில் ஒரு சின்னக் குழியில் உதிரி பல்ப் செருகியிருப்பார்கள். போன வாரம் ஒரு அம்மா கொண்டுவந்த டார்ச்சில் அது பஞ்சில் சுற்றியபடி அப்படியே இருந்தது. கட்டை போட்டுப் பார்த்தோம், எரிந்தது. எல்இடி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.